சிலம்பு யாரிடம் இருக்கட்டும்?

மதுரையில் நடந்த அந்த வழக்கை நாம் எல்லோரும் அறிவோம். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயாது ஆணையிட்டான், காவலர் வாள் வீசினர், கோவலன் மாண்டான். கண்ணகி வந்தாள், சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது. தன் ஆட்சியின் பிழை கண்முன் தெரிந்த அந்தக் கணத்தில் பாண்டியன் என்ன செய்தான்? வாதாடவில்லை. அரியணையிலேயே சாய்ந்தான்.

இன்றைய அரசு வழக்கறிஞர் ஒருவர் அந்த அவையில் இருந்திருந்தால்? “மன்னவா, அவசரம் வேண்டா! தெறித்தது மாணிக்கமா முத்தா என்பதே இன்னும் ஐயத்திற்குரியது. மேல்முறையீடு செய்வோம். அது முடியும் வரை சிலம்பு கருவூலத்திலேயே இருக்கட்டும்” என்று காதோடு ஓதியிருப்பார். பாண்டியன் பிழைத்திருப்பான். கண்ணகியோ அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டுக்கொண்டு கோட்டை வாயிலில் காத்துக் கிடந்திருப்பாள்.

நகைப்புக்காக இதைச் சொல்லவில்லை. சீருடை அணிந்தவர் தவறு செய்தார் என்று நீதிமன்றம் கூறுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இவ்வளவு தொகை கொடு என்றும் கூறுகிறது. தீர்ப்பின் மை உலர்வதற்குள் மேல்முறையீடு எழுகிறது. அந்த மேல்முறையீடு முடியும் வரை தொகை யாரிடம் இருக்க வேண்டும்? தவறிழைத்த தரப்பிடமா, இழந்தவரிடமா? நம் சட்ட ஏடுகள் இக்கேள்விக்குச் சொல்லும் விடையையே இங்கே உரைத்துப் பார்க்க விரும்புகிறோம். உரைகல் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் வாச்சாத்தி.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அரசின் மூன்று துறைகள் அவ்வூருக்குள் புகுந்தன. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 பேர் பின்னர் குற்றம் சாட்டப்பட்டனர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் நொறுக்கப்பட்டன. கால்நடைகள் கொல்லப்பட்டன. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. அடிபட்ட மக்களே குற்றவாளிகள் என்று சிறையிலும் அடைக்கப்பட்டனர். ஊரைக் கொளுத்திவிட்டு ஊரார் மீதே வழக்குப் போடும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று.

அன்றைய அரசு, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. ஒருவர் கூட விடுபடவில்லை! அந்தத் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள். தண்டனை பெற்றோர் மேல்முறையீடு செய்தனர். அதற்கு மேலும் 12 ஆண்டுகள். 2023 மார்ச்சில் நீதிபதி பி. வேல்முருகன் நேரே வாச்சாத்திக்குச் சென்று ஊரைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளினார்.

1992-இல் இருபது வயது நங்கையாக இருந்தவளுக்கு 2023-இல் ஐம்பத்தொன்று. இந்தக் கணக்கை நினைவில் இருத்திக்கொண்டு சட்ட ஏட்டைப் புரட்டுவோம்.

குற்றவியல் விசாரணை முறைச் சட்டத்தில் 357 என்றொரு பிரிவு இருந்தது. குற்றவாளியிடம் வாங்கும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம் என்பது அதன் முதல் உட்பிரிவு. கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா? இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். மேல்முறையீட்டுக்குரிய காலம் கழியும் வரையில், மேல்முறையீடு செய்யப்பட்டுவிட்டால் அது முடிவாகும் வரையில், அந்தத் தொகையைக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே வரமளிப்பது முதல் உட்பிரிவு. வழிமறிப்பது இரண்டாம் உட்பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டம் போய், நம் நாவில் எளிதில் புரளாத வடமொழிப் பெயர் தாங்கிய புதுச் சட்டம் வந்தது. 357 என்ற எண் 395 ஆயிற்று. பூசாரி மட்டும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

இவ்விதிக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அதை மறைப்பது நேர்மையன்று. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிவிட்டால், கொடுத்த பணத்தை ஏழையிடமிருந்து எப்படித் திரும்பப் பெறுவது என்பதே அக்காரணம். தனி மனிதர் இருவர் வழக்காடும்போது அதில் ஓரளவு பொருளுண்டு. ஆனால் ஒரு பக்கம் கருவூலமும் மறு பக்கம் கூரை வீடும் நிற்கும் வழக்கில், பணம் திரும்பி வராமற்போகுமோ என்ற அச்சம் எவருக்கு இருக்க வேண்டும்? சில இலட்சம் வராமற்போனால் அரசின் வரவுசெலவுத் திட்டம் கவிழ்ந்துவிடாது. அதே சில இலட்சம் பன்னிரண்டு ஆண்டுகள் வராமற்போனால் ஒரு குடும்பத்தில் மருந்து நிற்கும், பிள்ளையின் படிப்பு நிற்கும், சில வீடுகளில் மூச்சே நிற்கும். தாமதத்தின் சுமையை எடை போட்டால், தாங்க முடியாத தோளின் மீதே சட்டம் அதை ஏற்றியிருப்பது தெரியும்.

உரிமையியல் வழக்குகளில் சட்டம் இதைவிட நாணயமாகப் பேசுகிறது. மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நிறுத்தப்பட்டதாகாது என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளை, 5-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. தடையுத்தரவு வேண்டுமென்றால் தோற்றவர் ஈடு காட்ட வேண்டும். பணத்துக்கான தீர்ப்பானால் தொகையையே கட்டச் சொல்லலாம். நம்மைப் போன்ற ஒரு கடைக்காரரோ உழவரோ தோற்றால் இந்த விதி கறாராகப் பாயும். அரசு தோற்றால்? 27-ஆம் கட்டளையில் 8-ஏ என்று ஒரு வால் இருக்கிறது. அரசு ஈடு காட்டத் தேவையில்லை. தன் அலுவல் நிமித்தம் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக அதிகாரி மீது வழக்கு வந்து, அவருக்காக அரசு வாதாட முன்வந்தால், அந்த அதிகாரியும் ஈடு காட்டத் தேவையில்லை! போலீஸ்காரரின் தடியடிக்கு நட்டஈடு கேட்டு ஒருவர் வென்றாலும், அரசு அந்தப் போலீஸ்காரருக்குக் குடை பிடித்துவிட்டால், அவர் ஒரு காசும் கட்டாமல் தடையுத்தரவு கேட்கலாம். தடையில்லாவிட்டாலும் கூட, தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதம் கழியும் வரை அரசின் மீது நிறைவேற்ற நடவடிக்கை கூடாது என்று 82-ஆம் பிரிவு தனியே ஒரு சலுகை தருகிறது. வட்டியாவது கிடைக்குமா எனில், வணிகக் கடனல்லாத வழக்குகளில் தீர்ப்புக்குப் பிந்திய வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறுக்கு மேற்படலாகாது என்கிறது 34-ஆம் பிரிவு. நூற்றுக்கு ஆறு வட்டிக்குக் கடன் கொடுக்கும் நல்லவரை அரூர்ச் சந்தையில் தேடிப் பாருங்கள்.

இந்த 8-ஏ விதி எங்கிருந்து வந்தது? 1937-இல், வெள்ளையன் ஆட்சியில், முடியரசின் பெயரால் நுழைந்தது. விடுதலைக்குப் பின் ‘முடி’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அரசு’ என்று எழுதிக்கொண்டார்கள். கிரீடம் போயிற்று; கிரீடத்தின் சலுகை போகவில்லை. இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2019-இல் பாம் டெவலப்பர்ஸ் என்ற நிறுவனத்துக்கும் மேற்கு வங்க அரசுக்கும் நடந்த வழக்கில், இது ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு என்றும், நடுவர் தீர்ப்பின்படி பணம் தரவேண்டிய அரசுக்குத் தனிச் சலுகை இல்லை என்றும் உச்ச நீதிமன்றமே கூறியது. மகிழ்ச்சி! ஆனால் கவனியுங்கள் தோழர்களே, அந்த நியாயம் கிடைத்தது ஓர் ஒப்பந்தக்கார நிறுவனத்துக்கு. கட்டிய வேலைக்குக் கூலி கேட்டவருக்குப் பொருந்தும் நியாயம், கெடுக்கப்பட்ட வாழ்வுக்கு ஈடு கேட்பவருக்குப் பொருந்தாதா?

மேல்முறையீட்டைப் பகைவனாக நாம் கருதவில்லை. கீழ் மன்றம் தவறும், மேல் மன்றமும் தவறும். தவறிய வரலாறு ஒன்று சொல்கிறோம். 1947 செப்டம்பரில் அமிர்தசரசு நகைவணிக நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் பொன்னும் வெள்ளியும் விற்க மீரட் நகருக்கு வந்தார். போலீசார் நள்ளிரவில் பிடித்தனர். பொருளைப் பறிமுதல் செய்தனர். வெள்ளி திரும்பி வந்தது. பொன் வரவில்லை. காவல் நிலையப் பொருளறையைக் காத்த தலைமைக் காவலர் பொன்னோடு பாகிஸ்தான் போய்விட்டார். முதல் நீதிமன்றம் பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடு என்றது. அரசு மேல்முறையீடு செய்தது; உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1964-இல் உச்ச நீதிமன்றமும், போலீஸ் அதிகாரம் என்பது அரசின் இறையாண்மைச் செயல், ஆகவே ஈடு கிடையாது என்றது. கஸ்தூரிலால் வழக்கு என்று சட்டம் பயில்வோர் இன்றும் படிப்பது இதைத்தான். அப்படித் தீர்ப்பளித்த நீதிபதிகளே மனம் உறுத்தி, இதற்குச் சட்டம் இயற்றுங்கள் என்று வேண்டினர். மசோதாக்கள் வந்தன, காலாவதியாயின. 1983-இல் ருதுல் சா வழக்கிலும் 1993-இல் நீலபதி பெகரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தானே வேறு வழி கண்டு, அடிப்படை உரிமை பறிபோனால் அரசு ஈடு தர வேண்டும் என்றது. ஈடு உண்டு என்ற கொள்கை வென்றது. ஈடு எப்போது என்ற கேள்வி மட்டும் நடுத்தெருவில் நிற்கிறது.

அந்தக் கேள்வியின் கூர்மையை நாகர்கோயில் தந்த விண்வெளி அறிஞர் நம்பி நாராயணன் நன்கு அறிவார். புனைந்த உளவு வழக்கில் அவரைக் கேரளப் போலீசார் 1994-இல் கைது செய்தனர். 2001-இல் தேசிய மனித உரிமை ஆணையம் இடைக்கால நிவாரணம் 10 இலட்சம் கொடு என்றது. அரசு எதிர்த்தது. அத்தொகையைக் கொடு என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2012 ஆயிற்று. இராக்கெட் இயந்திரம் ஆக்கியவருக்கு, ஆங்கிலத்தில் எழுதவும் வாதாடவும் வல்லவருக்கு, ‘இடைக்கால’ நிவாரணம் பதினோரு ஆண்டு இடைவெளியில் வந்தது! சித்தேரி அடிவாரத்துப் பெண் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி 2023 தீர்ப்புக்கு வருவோம். அதில் ஒரு வரி நம் ஆய்வுக்கு உரியது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாயை அரசு உடனே கொடுக்க வேண்டும். உயிரோடு இல்லாதவர் பங்கு அவர் குடும்பத்துக்கு. அத்தொகையில் பாதியை வன்புணர்ச்சிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும். அந்நாளைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. இந்த வரியின் சிறப்பு தொகையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் கொடு, பிறகு வசூலி. குற்றவாளி உச்ச நீதிமன்றம் போனாலும் அது அவனுக்கும் அரசுக்கும் இடையே உள்ள கணக்கு. அந்தக் கணக்கு முடியும் வரை பெண்ணின் கை வெறுங்கையாக இருக்க வேண்டியதில்லை. இதைத்தான் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும் என்கிறோம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 10 இலட்சத்தை உடனே கொடு என்ற ஆணை வந்தது குற்றவாளிகள் தொடுத்த மேல்முறையீட்டில்தான். தப்பிக்க வெட்டிய குழியில் ஊற்று கிளம்பிற்று. ஆனால் நற்பேற்றை நம்பியா நாம் நீதியை விட்டுவிடுவது? நீதிபதி நேரில் போய்ப் பார்க்காத ஊர்கள் எத்தனையோ உள்ளன.

ஆட்சி எவருடையது என்று பார்த்து இதை நாம் எழுதவில்லை. இந்த 31 ஆண்டுகளில் கோட்டையில் கொடி பலமுறை மாறிற்று. கடற்கரையில் கண்ணகி சிலை இருந்தது, அகற்றப்பட்டது, மீண்டும் நின்றது. கோப்பு மட்டும் மாறாத நடையில் நகர்ந்தது. தீர்ப்பு நகல் வர வேண்டும், அரசு வழக்கறிஞர் கருத்துரைக்க வேண்டும், சட்டத்துறை பார்க்க வேண்டும், நிதித்துறை இசைய வேண்டும். கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனு. அரசின் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க விதி இருக்கிறது. மறுக்கப்பட்ட பணத்துக்காகக் காத்திருந்தவரின் ஆண்டுகளுக்கு எந்த மனு?

இதை மாற்ற டெல்லிக்குக் காவடி எடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். முழுவதற்கும் வேண்டியதில்லை. 357-க்கு வாரிசான பிரிவைத் திருத்தச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ வேண்டும். அது பெரிய வேலை. ஆனால் உரிமையியல் சட்டத்தின் கட்டளைகளையும் விதிகளையும் திருத்தும் அதிகாரத்தை 122-ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கே கொடுத்திருக்கிறது. மாநில அரசின் முன் ஒப்புதல் இருந்தால் போதும். போலீசாரின் அத்துமீறலுக்கு ஈடு வழங்கிய தீர்ப்புகளுக்கு 8-ஏ சலுகை பொருந்தாது, தொகையில் பாதியையாவது முதலிலேயே கொடுத்த பின்னரே மேல்முறையீடு கேட்கப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு விதி எழுதலாம். பாதி என்று நாம் சொல்வது பேரத்துக்காக. முழுவதும் கொடுத்தால் இன்னும் நன்று.

அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பென்னாகரத்திலும் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் இவ்வார இறுதிக் கூட்டத்தில் இந்த ஒரே பொருளை எடுத்துக்கொள்ளட்டும். 8-ஏ விதியை உரக்கப் படியுங்கள். வாச்சாத்தி ஆண்டுக் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். தீர்மானத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றை உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் மற்றொன்றைச் சட்டத்துறைச் செயலாளருக்கும் அனுப்புங்கள். அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே உள்ளது நடந்து போகும் தூரந்தான்.