கன்னிநிலம் தேடிய ஓவியர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹாலந்து தேசத்து நிலக்காட்சி ஓவியர் பலர், பழைய ஓவிய மேதைகளின் படங்களைப் பார்த்துப் படி எடுக்கும் பழக்கத்தை உதறிவிட்டு, மனிதன் கை படாத நாட்டுப்புறம் எங்கே இருக்கிறது என்று தேடிப் புறப்பட்டார்கள். 1840-களில் யோஹன்னஸ் பில்டர்ஸ் ஆர்ன்ஹெம் நகரை அடுத்த ஓஸ்டர்பேக் கிராமத்தில் குடியேறி, பக்கத்து வொல்ஃப்ஹேசே வனத்தின் முதிய ஓக் மரங்களைத் தீட்டத் தொடங்கினார். அவரை நாடிச் சென்ற இளைஞர்களில் ஆன்டன் மௌவ், மாரிஸ் சகோதரர்கள், காப்ரியேல் முதலியோர் பிற்காலத்தில் ‘ஹேக் மரபினர்’ என்ற பெயரால் கீர்த்தி அடைந்தார்கள்.

இந்தப் பயணத்தால் கலைக்குக் கிட்டிய லாபம் சாமான்யமானதன்று. நீரும் நிலமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும் அந்த நாட்டில், கடற்காற்று சுமந்து வரும் ஈரம் வெயிலைச் சல்லடையிட்டுத்தான் தரையில் இறக்குகிறது; அந்த ஒளியின் குணம், பருவந்தோறும் அதே வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தவனுக்கன்றி மற்றவனுக்கு வசப்படாது. பில்டர்ஸின் மகன் ஹெரார்ட், எல்லா வர்ணங்களும் தம் வலிமை குன்றாமல் ஒன்றுகூடி நிற்கும் ஒரு சாம்பல் நிறத்தையே தாம் தேடுவதாக 1860-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இருபத்தாறே வயதில், 1865-இல், அவர் காலமானார். அவர் தேடியதை மற்றவர்கள் கண்டெடுத்தார்கள்.

மௌவ் 1876-இல் தீட்டிய கடற்கரைக் குதிரைச் சவாரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். சவாரி செய்பவர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி மணற்சரிவில் கடலை நோக்கி இறங்குகிறார்கள். குதிரைகளின் பளபளக்கும் பின்பாகத்தில் விழும் வெளிச்சம் கண் கூசச் செய்யவில்லை. ஆனால் அது காலைநேரத்து வெளிச்சம் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயம் எழுவதில்லை. பாதையில் கிடக்கும் குதிரைச் சாணத்தைக்கூட மௌவ் விட்டுவிடவில்லை. சௌந்தரியத்துக்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை என்ற அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

அதே துணிவு எல்லா இடத்திலும் இந்த ஓவியர்களுக்கு இருந்ததா என்பதுதான் என் கேள்வி. அவர்கள் தேடிய கன்னிநிலம் ஹாலந்தில் எக்காலத்திலும் இருந்ததில்லை என்றே சொல்லவேண்டும். ஹேக் மரபைச் சேர்ந்த மற்றோர் ஓவியரான வைசன்புருக் தமது ஆயுளின் பிற்பகுதியில் திரும்பத் திரும்பச் சென்று தீட்டிய நோர்டன் பகுதியின் நீர்ப்பரப்புகள், அடுப்பெரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கரிமண் வெட்டி எடுத்ததனால் உண்டான பள்ளங்கள். மௌவின் ஆடுகள் மேயும் லாரன் கிராமத்து ஊதாப்பூப் புதர்வெளியோ, ஆடுகளே மேய்ந்து மேய்ந்து மரம் தலையெடுக்கவிடாமல் உண்டாக்கிய நிலம்; அந்த ஆடுகளை வளர்த்ததும் பெரும்பாலும் வயலுக்கு வேண்டிய எருவுக்காக. கடல்கடந்து வந்த மலிவான கம்பளியும், பிறகு ரசாயன உரமும் அந்த வாழ்க்கையின் வேரையே அறுத்தன. ஒரு ஜீவனோபாயம் அஸ்தமிக்கும் வேளையை மௌவ் கண்முன்னே கண்டார். ஆனால் அவர் படங்களில் அது அஸ்தமனமாகத் தோன்றுவதில்லை, என்றென்றைக்கும் மாறாத சாந்தியாகவே தோன்றுகிறது. அமெரிக்கச் செல்வந்தர்கள் அந்தச் சாந்தியை நல்ல விலைக்கு வாங்கினார்கள். எதிரே வரும் மந்தைக்கு ஒரு விலை, விலகிச் செல்லும் மந்தைக்கு வேறு விலை என்று வியாபாரிகள் பேசிக்கொண்டதாகச் சொல்வதுண்டு. கேட்பவர் மிகும்போது கண்ட காட்சியையே மறுபடியும் தீட்டும் அபாயம் எந்தக் கலைஞனையும் சூழும். மௌவும் அதற்குத் தப்பவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரயில் விஷயமும் இத்தகையதே. 1845-லேயே ஆர்ன்ஹெம் வரை தண்டவாளம் வந்துவிட்டது. நகரத்து ஓவியனைக் கிராமத்து வாசலில் கொண்டுபோய் விட்டது அந்த வண்டியே. உலோகக் குழாயில் அடைத்து விற்ற வர்ணமும், அவ்வண்ணமே, தொழிற்சாலை யுகம் தந்த சௌகரியம். ஆயினும் புகையும் தண்டவாளமும் அவர்களுடைய திரைச்சீலையில் அநேகமாக இடம்பெறவில்லை. காப்ரியேல் ஒருவரே இதற்கு விலக்காகக் குறிப்பிடத்தக்கவர். பரந்த சமவெளியின் தொலைவிலிருந்து ரயில் ஒன்று புகை கக்கிக்கொண்டு வருவதை அவர் தீட்டினார். வானம் அதனால் கெட்டுப்போகவில்லை. தம் தேசம் சாம்பல் நிறமானதன்று, வர்ணம் ததும்புவது என்று சக ஓவியர்களோடு வாதாடியவரும் அவரே. பிறர் விலக்கியதையும் பார்க்க ஒப்பிய கண்ணுக்கு வர்ணமும் கூடுதலாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

எதையும் விலக்காமல் பார்த்ததற்கு இன்னொரு சான்றும் உண்டு. அதே மரபைச் சேர்ந்த ஓவியர் மெஸ்டாக் 1881-இல் தம் மனைவியும் வேறு சில ஓவியர்களும் துணைநிற்க முடித்த பிரம்மாண்டமான வட்டச்சித்திரம், பதினான்கு மீட்டர் உயரமும் ஏறக்குறைய நூற்றிருபது மீட்டர் சுற்றளவும் உடையது. ஸ்கெவனிங்கன் கடற்கரையின் மணற்குன்று ஒன்றின்மேல் நின்று பார்த்தால் எத்திசையில் எது தெரியுமோ, அது அத்தனையும் அதில் உண்டு: கரையேறிய மீன்படகுகள், செம்படவர் வீட்டுக் கூரைகள், கடல்நீராட வரும் செல்வர்களுக்காக எழுந்த கட்டடங்கள். விரும்பியதை மட்டும் பொறுக்கியெடுக்க அந்த வட்டம் இடந்தரவில்லை. அதனாலேயே, நுட்பத்தில் மௌவுக்குப் பின்னால் நிற்கும் மெஸ்டாக்கின் இந்தப் படைப்பை நான் அந்த மரபின் நேர்மையான சாட்சியமாகக் கருதுகிறேன். அவர் நின்று பார்த்த குன்று பின்னர் கட்டட வேலைக்காக வெட்டிச் சமன் செய்யப்பட்டது. படம் இன்றும் ஹேக் நகரில் இருக்கிறது.