பாட்டி என்ன சாப்பிட்டாங்க?

சென்னையில் ஏதாவது ஒரு மெயின் ரோட்டில் அரை கிலோமீட்டர் நடந்து பாருங்கள். 'ஃபேமிலி ரெஸ்டாரண்ட்' என்று குறைந்தது நாலு பலகையாவது கண்ணில் படும். பிரியாணிக் கடை, சைனீஸ் ஓட்டல், தோசைக் கடை எல்லாமே ஃபேமிலி ரெஸ்டாரண்ட்தான். அந்த 'ஃபேமிலி'க்கு என்ன அர்த்தம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

ஓட்டல் பலகையில் எழுதும் வார்த்தை சும்மா அழகுக்கு எழுதுவதில்லை. யார் உள்ளே வரலாம் என்று சொல்வதற்காக எழுதுவது. திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒற்றை வார்த்தைக்காகப் பெரியார் 1957-ல் போராட்டமே நடத்தினார். 'ஃபேமிலி ரூம்' வந்ததும் இதே மாதிரி ஒரு காரணத்துக்குத்தான். பொம்பளைகள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று ஊர் முகம் சுளித்த காலத்தில், ஒரு மூலையில் தடுப்பு வைத்து, திரைச்சீலை போட்டு, 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதினார்கள். இப்போது திரைச்சீலையும் போய்விட்டது, தனி அறையும் போய்விட்டது. வார்த்தை மட்டும் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சரி, அந்த வார்த்தைக்கு இன்று ஓட்டல்கள் எவ்வளவு விசுவாசமாக இருக்கின்றன?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகன், மூணாம் வகுப்பு மகள், எழுபத்து நாலு வயதில் அம்மா. மாதம் இரண்டு ஞாயிறு எங்கள் பேட்டை ஓட்டல்களில் சாப்பிடுகிறோம். ருசி, விலை, சுத்தம் என்று மார்க் போட எல்லோருக்கும் தெரியும். என்னிடம் இன்னொரு அளவுகோல் இருக்கிறது. மேஜையில் இருப்பவர்களிலேயே வாய் திறந்து எதையும் கேட்காத ஆள் யாரோ, அவர் என்ன சாப்பிட்டார்? எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. உங்கள் வீட்டில் வேறு யாராவது இருக்கலாம்.

முதலில் ஒரு மல்ட்டி-குசைன் ஓட்டல். இரண்டாவது மாடி. லிப்ட் உண்டு, ஆனால் அன்றைக்கு அதில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அம்மா முப்பத்தாறு படி ஏறினார். பதினெட்டாவது படியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த குதிரைப் படத்தை ரொம்ப நேரம் ரசித்தார். (அம்மாவுக்குக் குதிரை மேல் எல்லாம் அப்படி ஒரு ஆசையும் கிடையாது.)

உள்ளே எல்லாமே நாலு பேர் மேஜை. ஐந்தாவது ஆளுக்கு ஒரு நாற்காலியை இழுத்து மேஜையின் கடைசியில், நடைபாதையை அடைத்தாற்போல் போடுவார்கள். அதில் யார் உட்காருவது? "நான் ஓரமா உட்கார்ந்துக்கறேன்டா" என்பவர்தான். அம்மாவின் தோளை உரசிக்கொண்டு சூடான சூப் போய் வந்துகொண்டே இருந்தது.

மெனு கார்டு இல்லை. மேஜையில் ஒரு க்யூ.ஆர். கோடு. கொரோனாவுக்காக வந்தது, கொரோனா போன பிறகும் சில இடங்களில் போகாமல் தங்கிவிட்டது. மகன் போனைக் காட்டினான், அதில் பொடி எழுத்தில் அத்தனையும் இங்கிலீஷ். படித்துக் காட்டச் சொன்னால் 'ட்ராகன் சிக்கன்', 'வெஜ் மஞ்சோ' என்கிறான். மேலே ஸ்பீக்கர் அலறுகிறது. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தயிர் சாதம் இருக்குமா?"

தினமும் வீட்டில் சாப்பிடும் அதே தயிர் சாதம், இங்கே 160 ரூபாய்.

அடுத்தது பஃபே. பலகை என்னவோ 'குடும்பத்தோடு கொண்டாடுங்கள்' என்கிறது. தலைக்கு 699 ரூபாய், வரி தனி. பி.காம். படித்தவனுக்கு பஃபேயைப் பார்த்தால் சாப்பாடு தெரியாது, சராசரிதான் தெரியும். நிறைய சாப்பிடும் ஆளால் வரும் நஷ்டத்தைக் குறைவாகச் சாப்பிடும் ஆள் ஈடுகட்ட வேண்டும், அதுதான் வியாபாரம். என் மகன் அன்றைக்குத் தின்ற கபாபுக்கு அம்மாதான் மானியம் கொடுத்தார். அவர் தட்டில் விழுந்தது இரண்டு கரண்டி சாதம், ஒரு அப்பளம், ஒரு குலாப் ஜாமூன். எட்டு வயதுக் குழந்தைக்குப் பாதி விலை உண்டு. குழந்தையைவிடக் குறைவாகச் சாப்பிடும் பெரியவருக்கு முழு விலை.

பஃபேயில் இன்னொரு விஷயம், பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓட்டலுக்குப் போவதில் என் மனைவிக்கு ஒரே ஒரு லாபம்தான். அன்றைக்கு ஒருவேளை அவர் யாருக்கும் பரிமாற வேண்டாம். பஃபேயில் அந்த லாபமும் போச்சு. மகளுக்கு நூடுல்ஸ் எடுக்க ஒரு நடை, அம்மாவுக்கு ரசம் எடுக்க ஒரு நடை, ரசத்தில் காரம் தூக்கல் என்று மோர் எடுக்க இன்னொரு நடை. தன் தட்டோடு அவர் வந்து உட்கார்ந்தபோது நாங்கள் ஐஸ்கிரீமில் இருந்தோம். வீட்டில் பரிமாறுபவரே இங்கேயும் பரிமாறுகிறார், அதற்கு 699 ரூபாய் கட்டணமும் செலுத்துகிறார்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு. பரிமாறியது மனைவி, சார்ஜ் ஓட்டலுக்கு! சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அந்த நெறிமுறை செல்லும் என்று சொன்னது. எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை, எங்கள் மேஜையைத் துடைத்த பையன் கையில் கொடுத்தேன்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஸ்ஸாமிலிருந்து வந்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா அக்கம்பக்கம் பார்த்ததைக் கவனித்துவிட்டு, யாரும் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். அந்த ஓட்டலில் 'ஃபேமிலி' என்ற வார்த்தைக்குப் பொருத்தமாக நடந்தது அது ஒன்றுதான். அதற்கு பில்லில் காலம் இல்லை.

ஓட்டல்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். பதினைந்து மேஜை. ஞாயிறு மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை, மூன்று மணி நேரம். ஒரு மேஜை 45 நிமிடத்தில் எழுந்தால் நாலு ரவுண்டு. மேஜைக்கு 1,500 ரூபாய் என்றால் 90,000. பாட்டியும் பேத்தியுமாக ஒவ்வொரு மேஜையும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டே ரவுண்டு, 45,000. வாடகை மட்டும் பாதியாகாது. 2017 நவம்பரிலிருந்து சாதாரண ரெஸ்டாரண்ட்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. நமக்கு அது சௌகரியம். ஆனால், முதலாளி தன் வாடகைக்குக் கட்டும் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, டெலிவரி ஆப்களுக்குக் கமிஷன் அழவேண்டும். வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கும் பையன்களுக்குப் பார்சல் முதலில் போகிறது, உள்ளே மேஜையில் இருப்பவர் காத்திருக்கிறார். பார்சலுக்கு நாற்காலி வேண்டாம், ஏ.சி. வேண்டாம், மாத்திரைக்கு வெந்நீர் வேண்டாம்.

எனவே, மெதுவாகச் சாப்பிடுபவரை முதலாளிக்குப் பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை. என் கேள்வி வேறு. அப்புறம் எதற்கு ஐயா பலகையில் 'ஃபேமிலி'?

இதைச் சரியாகச் செய்தவர்கள் இதே ஊரில் இருந்திருக்கிறார்கள். கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் 2008 வரை நடந்தது. (இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.) காருக்கே தட்டு வரும். கால் வராத பெரியவர் இறங்க வேண்டாம், படி ஏற வேண்டாம். இருந்த இடத்தில் டிபன், காபி. கார் வைத்திருந்தவர்களுக்கான வசதி என்பது உண்மைதான். ஆனாலும் சாப்பாடு ஆளைத் தேடி வந்தது.

காரே தேவையில்லாத ஒரு இடமும் எங்கள் பேட்டையில் இருக்கிறது. பலகையில் ஃபேமிலியும் இல்லை, உயர்தரமும் இல்லை. பன்னிரண்டு மேஜை டிபன் கடை, தரைத்தளம், ஒரே ஒரு படி. சர்வர் அண்ணன் மேஜை அருகில் வந்து நின்று, மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். "இட்லி, பொங்கல், ஊத்தப்பம், அடை அவியல், சேவை, சூடா கீரை வடை இருக்கு..." தமிழில், காதில் விழும்படி. அம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடை எப்படி, முறுகலா இருக்குமா?"

"முறுகலாவும் தரலாம், பாட்டிம்மா. பல்லுக்கு ஆகாதுன்னா மெத்துனு ஒண்ணு போடச் சொல்றேன். பாதி போதுமா?"

பாதி அடை! எந்த மெனு கார்டிலும் இல்லாத ஐட்டம். அம்மா பாதி அடை, ஒரு கீரை வடை, டபராவில் ஆற்றிக் காபி சாப்பிட்டார். ஒரு கேள்விக்கு ஒரு பதில் வந்ததும் அவருக்கு இன்னொரு கேள்வி வந்தது, அவியலில் தேங்காய் எண்ணெயா என்று. மனைவி எழுந்திருக்கவே இல்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து, பஃபேயில் ஒரு தலைக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூட.

குறையும் சொல்லிவிடுகிறேன், விமர்சனம் என்றால் நேர்மை வேண்டும். கை கழுவும் பேசின் மகளுக்கு எட்டவில்லை. பெண்கள் போகிற மாதிரி டாய்லெட் இல்லை. நீரிழிவுக்காரர் எப்படி ஒரு மணி நேரம் உட்காருவார்? பத்துக்கு ஏழு. மாடி ஓட்டலுக்கு நாலு. பஃபேக்கு, அஸ்ஸாம் பையனையும் சேர்த்து, நாலரை.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். பஃபேக்குப் போய் வந்த அடுத்த முறை நாங்கள் கிளம்பியபோது, "நீங்க போயிட்டு வாங்கடா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன். ஒரு மோர் சாதம் கரைச்சுக்கறேன்" என்றார் அம்மா. இந்த வசனம் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். வயதானவர்களுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நாமே ஒரு விளக்கமும் வைத்திருக்கிறோம். அடையும் வடையும் எப்படி ஒத்துக்கொண்டது? முப்பத்தாறு படியும், புரியாத மெனுவும், நடைபாதை நாற்காலியும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பூட்டு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள பாட்டி எதற்கு?

திருத்துவதற்கு லட்சக்கணக்கில் ஆகாது. தமிழில் கொட்டை எழுத்தில் பத்து மெனு கார்டு. கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் மெனு கார்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆறு பேர் உட்கார இரண்டு மேஜை. பாதி அளவு, முக்கால் விலைக்கு. முதலாளிக்கு நஷ்டமில்லாத கணக்கு இது. சாய்தளம் என்பது தயவு இல்லை, சட்டம். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

அடுத்த ஞாயிறு ஏதாவது ஃபேமிலி ரெஸ்டாரண்டுக்குப் போனால் இரண்டு காரியம் செய்யுங்கள். உட்கார்ந்ததும், "தமிழ் மெனு இருக்கா?" என்று சத்தமாகக் கேளுங்கள். இருக்காது. பரவாயில்லை, ஒரே மதியத்தில் பத்து மேஜை கேட்டால் அடுத்த மாதம் அச்சடித்துவிடுவார்கள். இரண்டாவது, ஆர்டரைப் பையனிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். பாட்டியிடமிருந்து ஆரம்பியுங்கள். "எனக்கு என்னவோ ஒண்ணு" என்று அவர் சொன்னால், சர்வரை அப்படியே நிற்க வைத்து, என்னென்ன இருக்கிறது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.