அட்டை விளையாட்டு என்று ஒதுங்காதீர்கள்

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் இயக்க அமைப்புப் பாடம் வந்ததும் பாதி வகுப்பு மிரள்கிறது. அதற்கென்று ஆசிரியர் அட்டைக் கட்டை எடுத்தாலோ, "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று மீதிப் பேரும் நழுவுகிறார்கள். ஹார்பரைப் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிப் பிள்ளைகளும் அப்படி நழுவினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டில் சொற்கள்: கெர்னல், பிராசஸ், ஷெட்யூலர், டெட்லாக். இன்னொரு கட்டில் விளக்கங்கள். கலைத்துப் போட்டு ஜோடி சேர்க்க வேண்டும். விளக்க அட்டைகள் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் கடைசி ஜோடி யோசிக்காமலே விழுந்துவிடும். கடிகாரம் வேண்டாம். நொடிக்கு நொடி புள்ளி தரும் வினாடி வினா செயலிகள்தான் இப்போது மோஸ்தர். அவற்றில் விரல்தான் ஜெயிக்கிறது.

ரசிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பிராசஸின் நிலைகளில் 'தயார் நிலை', 'காத்திருப்பு நிலை' என்று இரண்டு அட்டைகள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு மதிப்பெண் வினாவுக்கென்றே எழுதப்பட்ட கையேடுகள் இரண்டுக்கும் ஆளுக்கொரு வரி கொடுத்துக் கடந்துவிடுகின்றன. இதைவிட மேம்போக்கான வேலை கிடையாது!

1974-இல் பெருந்துறைமுகமான நம் புதிய துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் இரண்டு கப்பல்களைப் பாருங்கள். ஒன்றுக்கு எல்லாம் தயார், பெர்த் காலியானால் போதும். இன்னொன்றுக்கு ஏற்ற வேண்டிய சரக்கே வந்து சேரவில்லை. பெர்த் கொடுத்தாலும் வீண். பிராசஸும் இப்படித்தான். தயார் நிலையில் இருப்பதற்குச் செயலியில் (சிபியுவில்) ஓடும் முறை வந்தால் போதும். காத்திருப்பில் இருப்பது விசைப்பலகையிலிருந்தோ வட்டிலிருந்தோ வர வேண்டிய ஒன்றுக்காக நிற்கிறது. அது வந்த பிறகும் நேரே ஓட முடியாது. தயார் வரிசையில் போய் நிற்க வேண்டும். காத்திருப்பிலிருந்து தயாருக்குப் போகும் இந்த அம்புக்குறியைத் தலைகீழாகப் போடாத வகுப்பை நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைகள் சண்டை போடட்டும். "ஏன் அந்த அட்டை இல்லை?" என்பதற்குப் பதில் சொன்னால்தான் ஜோடி செல்லும்.

ஆசிரியர்களே, உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் மடிக்கணினி வீட்டில் கிடந்து, அதில் லினக்ஸ் இருந்தால், டெர்மினலில் 'டாப்' என்று அடித்துப் பாருங்கள். 'எஸ்' என்ற எழுத்து வரிசையாக நிற்கும், எல்லாம் காத்திருப்பவை. 'ஆர்' ஒன்றிரண்டுதான் இருக்கும். அந்த 'ஆர்', ஓடுவதற்கும் தயாராக நிற்பதற்கும் பொதுவான எழுத்து. இரண்டையும் லினக்ஸ் பிரித்துக் காட்டாது. அதனால் அட்டை ஆட்டம் முடிந்த பிறகே பிள்ளைகளுக்கு இந்தத் திரையைக் காட்டுங்கள். முதலில் காட்டினால் 'ஓட்டம்', 'தயார்' இரண்டையும் ஒரே ஜோடியாக்கிவிடுவார்கள்.