நூற்றுக்கு 99! பிறகு?

இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்து ஆற்றங்கரையில் இருக்கிறது அய்யனார் கோவில். 'நீர் காத்த அய்யனார்' என்று சாமிக்குப் பெயர். பெயர் அவருக்கு, வேலையோ ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற்கு! மலையில் பெய்த மழையைத் தேக்கி ஊராருக்குக் குடிநீராக்குவது அதுதான். அதற்குக் கரை கட்டியவன் மனிதன். கரையில்லாத இடத்தில் மழை வெள்ளமாக ஓடி வீணாகும்.

மக்கள் தீர்ப்பும் அத்தகையதே. வாக்கு பொழிந்தது, தேக்கக் கரை உண்டா? பகுத்தறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஈழத்தை நோக்குவோம். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. அதையே மக்கள் முன் வைத்து, 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. கண்ட பலன்? 1983 ஆகஸ்டில் வந்த அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம், தனிநாடு கேட்பதையே குற்றமாக்கிற்று!

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டில் நோர்வேயில் தொடங்கி, புலம்பெயர்ந்த தமிழர் நாடு நாடாக அத்தீர்மானத்தின்மீது தாமே வாக்கெடுப்பு நடத்தினர். கனடாவிலும் பிரிட்டனிலும் 'ஆம்' என்றோர் நூற்றுக்கு 99க்கும் மேல். 2010 மே திங்களில் நாடு கடந்த தமிழீழ அரசுக்குத் தேர்தலும் நடந்தது. அதை ஏற்றுக்கொண்ட அரசு உலகில் ஒன்றுமில்லை.

அந்த 99 நம் மேடைகளில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. மந்திரத்தை மறுத்த நாம், எண்ணை மட்டும் மந்திரமாக்கலாமா? அம்மண்ணில் வாழ்வோர் அதில் வாக்களிக்கவில்லையே!

கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30 அன்று விடுதலை கேட்டோர் 78.5 விழுக்காட்டினர். ஆயினும் ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பு அது. இந்தோனேசியாவும் ஒப்பி நடந்தது. முடிவு வந்தபின் வன்முறைக் கும்பல்கள் ஊர்களைக் கொளுத்தின. பன்னாட்டுப் படை வந்து இறங்கிற்று. 2002 மே 20 இல் நாடு பிறந்தது. தெற்குச் சூடானில் 2011 இல் கிடைத்ததோ 98.83 விழுக்காடு. அவ்வாண்டே சூலை 9 இல் கொடி ஏறிற்று; 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஓரிடத்தில் 99 தராததை வேறோரிடத்தில் 78 தந்தது; 98 தந்ததை உட்பகை தின்றது!

உட்பகை நம்மிடம் இல்லையா? 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலில் தாழ்த்தப்பட்டோரை மறித்தது சிங்களமா? தமிழனின் சாதி அன்றோ! 1990 அக்டோபரில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியோர் விடுதலைப் புலிகள் அல்லரோ! நாளைய நாட்டில் இவர்களுக்கு என்ன இடம்? வாக்குச்சீட்டில் அக்கேள்வி இல்லை.

ஈழத்தமிழரின் உரிமையில் இம்மியும் குறையக் கூடாது என்பதாலேயே இதைச் சொல்கிறோம். கேட்பதே குற்றமெனும் சட்டம் நீங்கட்டும்; அம்மண்ணின் மக்களே அச்சமின்றித் தீர்ப்பளிக்கட்டும். சாதிக்கும் மதத்திற்கும் இடந்தராத அரசியல் சட்டத்தை முன்னதாகவே எழுதி, எல்லோர் முன்னும் வைப்போம்.

இளைஞர்களே! மழையைப் பாடியது போதும். மண்வெட்டி எடுங்கள், கரை கட்டுவோம்!