'நீ' என்று கூப்பிடுவது யார்?

கேலப் அசூமா நெல்சனின் 'ஓபன் வாட்டர்' (2021) இருநூறு பக்கம்கூட இல்லாத சின்ன நாவல். முதல் நாவலுக்கான காஸ்டா விருது வாங்கியது. தென்கிழக்கு லண்டனில் ஒரு புகைப்படக்காரன், ஒரு நடனக்காரி. இருவரும் கறுப்பர்கள். உதவித்தொகையில் தனியார் பள்ளிகளுக்குப் போய், அங்கே தனித்து நின்றவர்கள். நண்பர்களாகிறார்கள், பிறகு காதலர்களாகிறார்கள். இருவருக்கும் பெயர் கிடையாது.

நாவல் முழுக்க அவனை முன்னிலையில்தான் அழைக்கிறது. ஆங்கிலத்தின் 'யூ'வுக்குள் நீயும் உண்டு, நீங்களும் உண்டு. தமிழில் யோசிக்கிறவன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நான் 'நீ' என்றே வாசித்தேன். காதலி கூப்பிடுகிற நீ. பிறகு போலீஸ் அவனைத் தெருவில் நிறுத்துகிறது. அதே 'நீ' இப்போது அதட்டலாகக் கேட்டது. இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில்தான் அவன் வாழ்கிறான்.

கென்ட்ரிக் லமார், ஸேடி ஸ்மித் என்று கலைஞர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, யாரோ தன் ப்ளேலிஸ்ட்டை அனுப்பிவைத்த மாதிரி. நாயகன் புகைப்படக்காரன் ஆயிற்றே என்று ராய் டிகராவா எடுத்த ஹார்லெம் படங்களைத் தேடிப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. வண்ணப்படம் கழுவும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் கொடுத்த 'ஷெர்லி கார்டு'களில் பல்லாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். எங்கள் தொழில் பாஷையில், வெள்ளைத் தோல்தான் டீஃபால்ட். டிகராவா தன் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருட்டை வெளுக்கவில்லை. அதற்குள்ளேயே முகங்களைத் துலங்கவிட்டார். தன்னைப் போன்றவர்களை யாரோ ஏற்கெனவே சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அவனுக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது. நாவலில் வரும் பெயர்கள் அந்தச் சாட்சிகள்.

ஆனால் அவள்? பயத்தையும் கோபத்தையும் சொல்லத் தெரியாமல் அவன் அவளிடமிருந்து ஒதுங்குகிறான். அந்த மௌனத்துக்கு நாவல் எவ்வளவோ அழகான வாக்கியங்களைத் தருகிறது. அதன் மறுபக்கத்தில் காத்திருந்தவளுக்கு அந்த அளவு தரவில்லை. பார்வையைப் பற்றி இவ்வளவு பேசும் நாவல், அவளை அவன் கண் வழியாக மட்டும் பார்ப்பது பெரிய குறைதான்.

இதை எழுதும்போது எனக்கும் கொஞ்சம் சங்கடம். வீட்டில் சண்டை வந்தால் லேப்டாப்பைத் திறந்துகொள்கிற ஆள் நான். வாசிக்கும்போது அவனுக்காகத்தான் வருத்தப்பட்டேன். அவள் என்ன ஆனாள் என்று கேட்கத் தோன்றியது, புத்தகத்தை மூடி இரண்டு நாள் கழித்துத்தான்.