நாலு ஓம், எட்டு ஓம்

நண்பன் வீட்டில் செய்த ஸ்பீக்கரைப் பாராட்டத்தான் போனேன். சிம் லிம் டவரில் வாங்கிய 8 ஓம் வூஃபர், 4 ஓம் ட்வீட்டர். "ரெண்டும் சேர்ந்தா 2.67 ஓம், ஆம்ப் போயிடும்டா" என்று பலர் அவனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். வீண் பயம். கிராஸ்ஓவர் அதிர்வெண்ணைப் பிரித்துவிடுகிறது. ஆம்ப் கீழே எட்டையும் மேலே நாலையும்தான் பார்க்கும்.

என் குறை வேறு. சுசீலாவின் முருகன் பாட்டில் ஜால்ரா முன்னால் வந்து நிற்கிறது, சொற்களின் விளிம்பு மழுங்கிப்போகிறது. பாடல் வரிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், அவை காதில் விழவேண்டாமா?

காரணம் ட்வீட்டரோடு போட்ட 6.8 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். 8 ஓமுக்கு அது 3000 ஹெர்ட்ஸ் அருகே வெட்டும். 4 ஓமுக்கோ கிட்டத்தட்ட 5850. வூஃபர் 3000இல் இறங்கத் தொடங்கிவிட, ட்வீட்டர் தாமதமாக ஏறுகிறது. நடுவே பள்ளம், மெய்யெழுத்துகள் அதில் விழுகின்றன. அதே வோல்டேஜில் 4 ஓம் இரண்டு மடங்கு பவர் இழுப்பதால் மேலே கூச்சல் வேறு.

"கப்பாசிட்டர மாத்தவா?" என்றான். பள்ளம் தூரும், கூச்சல் போகாது. ட்வீட்டருக்குத் தொடராக 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடச் சொன்னேன். மொத்தம் 8, பழைய கப்பாசிட்டரே பொருந்தும், ட்வீட்டரும் 6 டெசிபல் அடங்கும்.

போட்டான். சகரம் திரும்பி வந்துவிட்டது. ஜால்ரா போச்சே என்று அவனுக்கு இன்னும் மனத்தாங்கல்.