வட அயர்லாந்துப் பங்க் பாடல்கள்: எதிர்ப்பும் உளவுரமும்

பங்க் ரொக் பாடல்களை முதலாளித்துவச் சீரழிவின் விரக்திக் கூச்சலென ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமரிசகர் சிலரிடம் காணப்படுகின்றது. இலண்டனில் எழுந்த பாடல்கள் சிலவற்றுக்கு இது ஓரளவு பொருந்தலாம். செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவினர் 1977இல் முடியாட்சியை எள்ளியபோது அவர்களிடம் மறுப்பு இருந்தது. மறுப்பின் பின் யாது என்னும் வினாவிற்கு விடை இருக்கவில்லை. ஆயின் வட அயர்லாந்திலே இளைஞர் எதிர்கொண்டது வெறுஞ் சலிப்பையன்று; பிரித்தானியப் படையினரின் சோதனைச் சாவடிகளையும் இரு சமூகங்களினதும் ஆயுதக் குழுக்களையுமாகும். அங்கு இவ்விசையின் மொழியே வேறாகிவிடுகின்றது.

பெல்பாஸ்ற் நகரத்து ஸ்ரிஃப் லிற்றில் ஃபிங்கர்ஸ் குழுவினர் 1978இல் வெளியிட்ட 'சஸ்பெக்ற் டிவைஸ்' என்னும் பாடல் இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. வெடிகுண்டென ஐயுறப்படும் பொருளைக் குறிக்கப் பாதுகாப்புத் துறையினர் வழங்கும் தொடரே அதன் தலைப்பு. பாடல் அத்தொடரைப் படிப்படியாகத் தன்வயப்படுத்துகின்றது. முதலில் அது இளைஞர் மூளையிலே பிறர் புதைத்த பகைமை. இறுதியிலோ 'நான்', 'நீ' என்போரே அதிகாரத்தை அச்சுறுத்தும் அப்பொருளாகிவிடுகின்றனர். இதனையடுத்து வரும் ஆங்கிலத் தன்மைப் பன்மைக்குத் தமிழில் 'நாங்கள்', 'நாம்' என இரு வடிவங்கள் உள. கேட்போனை முன்னிலைப்படுத்தி உள்ளே இழுத்துக்கொண்ட பின்னர் வருதலின், அதனை 'நாம்' என்றே பெயர்த்தல் வேண்டும். கத்தோலிக்கர் தெருவும் புரட்டஸ்தாந்தர் தெருவும் தனித்தனியே 'நாங்கள்' எனப் பேசிய நகரில் இதுவே பெரும் மீறல். இரு சாராரும் இசை கேட்கக் கூடிய ஹாப் பார் என்னும் மதுச்சாலை இச்சொல்லின் சமூகத் தளமாயிற்று.

பாடகர் ஜேக் பேர்ன்ஸுடன் கோர்டன் ஓகில்வி என்னும் பத்திரிகையாளரும் பாடலாக்கத்திற் பங்குகொண்டார். துயரை விற்பனைப் பண்டமாக்கினர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆக்கியோனின் தொழிலைக்கொண்டு பாட்டின் உண்மையை அளத்தல் விமரிசனமாகாது. எனினும் 1979இல் வந்த 'இன்ஃபிளேமபிள் மெற்றீரியல்' இசைத்தட்டின் சில பாடல்கள் செய்தித் தலைப்பின் மட்டத்திலேயே நின்றுவிடுகின்றன என்பதையுஞ் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறானது டெரி நகரத்து அண்டர்ரோன்ஸ் குழுவினரின் 'ரீனேஜ் கிக்ஸ்' (1978). 1972 சனவரி 30ஆந் திகதி குடியுரிமை ஊர்வலத்தினர்மீது படையினர் சுட்டு 13 பேர் அன்றே மாண்ட நகர் அது. பாடலோ பதின்பருவக் காதல் வேட்கையன்றி வேறெதனையும் பேசவில்லை. இதனை யதார்த்தத்திலிருந்து தப்பியோடலெனக் கொள்ளுதல் எளிது. ஆயினும் நான் அவ்வாறு கருதவில்லை. ஊரார் வாழ்வு முழுவதையும் வன்முறை விழுங்க முனைகையில், தமக்கும் ஏனைய ஊர்ப் பிள்ளைகளைப் போல ஒரு பருவமுண்டெனச் சாதித்தலும் உளவுரமேயாகும். பகைவனைப் பெயரிடாத பாடல் எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை என்பது மெய்யே. 1981இல், சிறைக்கைதிகளின் உண்ணாவிரதத்தைப் பின்புலமாகக் கொண்ட 'இற்ஸ் கோயிங் ரு ஹப்பன்' என்னும் பாடலில் இக்குழுவினர் அரசியலைத் தொட்டனர், அதுவும் மறைமுகமாகவே. மெட்டு மாத்திரம் வழமைபோலத் துள்ளலாகவே இருந்தது.